இந்த அறை ஆருக்கு?

என் வீட்டுக்குள் முதல்முறை வந்தபோது அக்கா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கையிலிருந்த இடியாப்பத்தையும் தேங்காய்ப்பால் சொதியையும் என்னிடம் நீட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு நேரே படுக்கையறைக்குள் போனார். கட்டிலைப் பார்த்தார். சன்னலைத் திறந்து மூடினார். கூடத்துக்கு வந்து சோஃபாவில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கட்டிலைச் சுவரோட தள்ளிப் போடு பிள்ளை. அம்மா வந்தா எங்க படுப்பா?”

“அம்மா வரமாட்டாங்க. அவங்ககிட்ட பாஸ்போர்ட்டே இல்ல” என்றேன்.

“வருவா. அந்த அறை அவவுக்கு. நீ ஹோல்ல படு. உனக்கு இளம் முதுகுதானே.”

டென்மார்க்கில் வைலே என்ற ஊருக்கு நான் வேலைக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. காற்றாலை இறக்கைகள் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று கணக்குப் போடும் வேலை. வாடகை கொடுப்பவள் நான், என் கட்டிலை எங்கே போட வேண்டும் என்று சொல்ல இந்த அம்மாள் யார் என்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். சொதியை வாயில் வைத்ததும் அது போய்விட்டது. அன்று சாயங்காலமே கட்டிலையும் தள்ளிப் போட்டேன். அடுத்த கோடையில் அம்மா பாஸ்போர்ட் எடுத்து வந்து அதே அறையில் குறட்டை விட்டுத் தூங்கினார் என்பது வேறு விஷயம்.

அக்கா எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. அவர் வீட்டுக்காரர், அண்ணன் என்று நான் கூப்பிடுபவர், ஒரு பெரிய கிடங்கில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டினார். நாளெல்லாம் பேசாமல் இருக்கக்கூடிய மனிதர். தூண்டில் போடுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த பொழுதுபோக்கு. பையன்கள் இருவரும் படித்து முடித்துக் கோப்பன்ஹேகன் பக்கம் போய்விட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு வியாதி. வியாதி என்றுதான் நான் சொல்வேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அறைகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். பல் வைத்தியர் வீடாக இருக்கட்டும், நூலகமாக இருக்கட்டும், விமான நிலையமாகத்தான் இருக்கட்டும். “உதில சின்னாக்களைப் படுக்க விடலாம். உது சாமியறை. இந்த அறை ஆருக்கு?” என்று தொடங்குவார். பையன்கள் ஊருக்கு வந்திருக்கும்போது இது ஆரம்பித்தால், “மோர், ஹோல் நூ ஒப்” என்று டேனிஷில் அலுத்துக்கொள்வார்கள். அம்மா, போதும் நிறுத்து என்று அர்த்தம். அவர் நிறுத்த மாட்டார்.

அவருக்குக் கார் ஓட்ட வராது. அண்ணனுக்குச் சனிக்கிழமையும் வேலை. எனக்கு ஒரு பழைய கார் இருந்தது, சனிக்கிழமையில் செய்வதற்கு எதுவும் இல்லை. இப்படித்தான் நான் மாட்டினேன்.

சாலையோரத்தில் பார்க்க வேண்டிய இடம் என்று காட்டும் பழுப்புப் பலகை ஒன்று டென்மார்க் முழுவதும் உண்டு. அது கண்ணில் பட்டால் போதும், “பிள்ளை, திருப்பு திருப்பு” என்பார். கோட்டை, பண்ணை மாளிகை, வியாபாரி வீடு, பாதிரியார் வீடு, ஒன்றை விட்டதில்லை. எனக்குப் பழைய வீடு என்றாலே அலர்ஜி. நான் நெய்வேலிக்காரி. குவார்ட்டர்ஸ் பிள்ளை. வரிசையாக ஒரே மாதிரி வீடு, வாசலில் ஒரே மாதிரி கேட், அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரி பிடிக்க வேண்டியதுதான். வீடு என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்று வளர்ந்தவளைப் பிடித்து முந்நூறு வருஷத்துக் கதவுப்பிடியைத் தடவிப் பார் என்றால் எப்படி இருக்கும்?

ஃபூனன் தீவில், தண்ணீருக்கு நடுவே நிற்கும் ஒரு மாளிகைக்குப் போனோம். எங்களைச் சுற்றிக்காட்டிய இளைஞன் பிரபுவின் படுக்கையறையில் நின்று, அந்தக் காலத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், அதனால்தான் கட்டில் இவ்வளவு குட்டை என்று விளக்கினான். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா கட்டிலைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

“இது அண்ணைக்குச் சரிவராது. அவருக்கு முழங்கால் நோ. காலை நீட்டாட்டி நித்திரை வராது.”

“எந்த அண்ணனுக்கு?” என்றேன்.

“என்ர கூடப்பிறந்த அண்ணை, கனடாவில இருக்கிறார். தம்பிக்கு எண்டா உந்த நீளம் காணும். அவன் சுருண்டு படுப்பான்.” என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். அந்த இளைஞனிடமும் டேனிஷில் கேட்டார், இதைவிட நீளமான கட்டில் வேறு அறையில் உண்டா என்று. பாவம், அவன் இவரை மாளிகை வாங்க வந்தவர் என்று நினைத்துவிட்டான். முதுகை நிமிர்த்திக்கொண்டு மேல்மாடி முழுவதும் காட்டினான். அக்கா கல் சுவரை முஷ்டியால் தட்டிப் பார்த்தார்.

“வேண்டாம் பிள்ளை. இதுக்குள்ள ஆர் செத்தாலும் பக்கத்து அறைக்குத் தெரியாது.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரில் ஏறிய பிறகும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தீவிலிருந்து வரும் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

கனடா அண்ணையும் பாரிஸ் தம்பியும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஊரில் அம்மா இறந்தபோது மூவரில் ஒருவராலும் போக முடியவில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன். ஆனால் தம்பிக்கு அப்போது பிரான்ஸில் விசா இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது, நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய முடியாது. ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவர்தான் வைத்தார். அதற்குப் பிறகு ஊர்க்காணியைப் பற்றித் தொலைபேசியில் ஏதோ பேச்சு வந்து, அது முற்றி, அண்ணை சொல்லிவிட்டார்: “அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வராதவனுக்கு வீட்டைப் பற்றி என்ன கதை?”

“சொல்லியிருக்கக்கூடாது. அவருக்கும் தெரியும். அடுத்த நாள் எனக்கு எடுத்து அழுதவர். ஆனா அவனிட்டைச் சொல்லமாட்டார்” என்றார் அக்கா. “ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ படுத்தெழும்பினா காணும் எனக்கு. ஒரு நாள் காணும்.”

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இவ்வளவு நாளாக இந்த மனுஷி விளையாட்டுக்கா அறை பிரித்துக்கொண்டிருந்தார்? வீடு தேடிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்! என் சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு நான் முணுமுணுக்காமல் ஓட்டினேன். சரி, கொஞ்சம் முணுமுணுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்கு வந்த வீடுகளைத் திறந்து காட்டுவார்கள் இல்லையா, அவற்றுக்கும் போனோம். காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ள நீலப் பிளாஸ்டிக் உறை தருவார்கள். அக்கா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போவார். வைலேயின் வீட்டுத் தரகர் ஒருவருக்கு எங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வாங்க மாட்டார்கள் என்று. ஆனாலும் காப்பி ஊற்றித் தருவார். ஒருநாள் அவரே கேட்டார், “இன்று கனடாக்காரருக்கு எந்த அறை?” என்று. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

அப்படி ஒரு கோடையில்தான், முன்பு நிலக்கரி தோண்டிய ஓர் ஊருக்குப் போனோம்.

ஹெர்னிங்குக்குத் தெற்கே நிலம் தட்டையாகக் கிடக்கும். திடீரென்று ஒரு இடத்தில் காட்டுக்கு நடுவே மணல் மேடுகள், அவற்றுக்கிடையே சின்னச் சின்ன ஏரிகள். சிலது நீலம், சிலது துருப்பிடித்த சிவப்பு. கரையில் உயிராபத்து என்று எழுதிய பலகைகள். கால் வைத்தால் மணல் சரிந்து உள்ளே இழுத்துவிடுமாம். அண்ணன் அன்று லீவு போட்டுத் தூண்டிலோடு வந்திருந்தார். அந்தத் தண்ணீர் அமிலம், மீனே கிடையாது என்று பலகையைப் படித்து நான் சொன்னதும் தூண்டிலை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், காருக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அந்த மேடுகளைப் பார்த்தபடியே நின்றேன். எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இது நம்ம ஊர் மண்மேடு! பழுப்பு நிலக்கரி எடுக்க மேல் மண்ணை அள்ளிக் கொட்டினால் இப்படித்தான் நிற்கும். நெய்வேலியில் நான் பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து தினமும் பார்த்தது. டென்மார்க்கில் கரி தோண்டினார்கள் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளியிலிருந்து கரி வராமல் போனபோது நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் இங்கே வேலை தேடி வந்திருக்கிறார்கள். பிறகு எல்லாம் நின்று, குழிகளில் தண்ணீர் நிரம்பி, ஊரும் காலியாகிவிட்டது. ஊரை விட்டு வந்து அவ்வளவு நாளில் அன்றுதான் முதல்தடவை ஊர் ஞாபகத்தில் அழுதேன்.

“ஏன் பிள்ளை?” என்று அக்கா பதறினார்.

“ஒண்ணுமில்லக்கா. எங்க ஊரு மாதிரியே இருக்கு.”

“அப்ப உன்ர சொந்தக்காரரைப் பாக்கப் போவம் வா” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கரித் தொழிலாளிகள் இருந்த பலகைக் குடிசைகளைப் பழையபடியே வைத்திருந்தார்கள். ஒரே அறை, ஒரு அடுப்பு, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கை. “இதைப் பிரிக்கேலாது” என்று அக்கா தோல்வியை ஒப்புக்கொண்ட ஒரே வீடு அதுதான். அங்கே ஒரு வயதான டேனிஷ் பெண்மணி இருந்தார். கரித் தொழிலாளியின் மகள். இந்தக் குடிசைகளுக்குக் கீழேயே கரி இருப்பது தெரிந்தால், குடிசையை அடியோடு சறுக்குக் கட்டையில் ஏற்றி இழுத்து வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள் என்றார். தான் பிறந்த வீடு அப்படிப் பல இடம் மாறியதாம். அம்மா சமையலைக்கூட நிறுத்தமாட்டாராம், வீடு போகும், உள்ளே உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்.

அக்கா அதை என்னிடம் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு டேனிஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டார். “எங்கட வீட்டையும் உப்பிடி இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.

அந்தப் பெண்மணிக்குச் சாலைக்கு அப்பால் இன்னொரு கட்டடம் இருந்தது. கரி தோண்ட வந்த தனி ஆண்கள் தங்கிய விடுதி. இப்போது கோடையில் வாடகைக்கு விடுகிறார். நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், கோடியில் குசினி. குசினியில் ஒரு பெரிய இரும்பு அடுப்பு. அதன் பக்கத்தில் சாதுவாக ஒரு மின்சார அடுப்பு. அக்கா நடை முழுவதும் நடந்தார். ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். “பிள்ளை, பக்கத்து அறையில போய் நிண்டு இருமு” என்று குரல் வந்தது. இருமினேன். பலகைச் சுவர் காகிதம் மாதிரி.

“கேக்குது! வடிவாக் கேக்குது!” என்று கத்திக்கொண்டு வெளியே வந்தார். “இஞ்ச அண்ணை. இஞ்ச தம்பி. மூச்சு விடுறதும் கேக்கும். எவ்வளவு நாளைக்கு ஒருத்தன்ர இருமலைக் கேட்டுக்கொண்டு கதைக்காமல் இருப்பான்?”

அடுத்த வருஷம் அக்காவுக்கு அறுபது வயது. நகை வேண்டாம், சேலை வேண்டாம், மண்டபம் வேண்டாம், அந்த விடுதி ஒரு வாரத்துக்குக் கிடைத்தால் போதும் என்றார். கனடாவுக்கும் பாரிஸுக்கும் தொலைபேசியில் ஒரே பேச்சுத்தான். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை.

“அவனும் வாறான் அண்ணை. ஓம், அதே வீட்டிலதான். நான் உங்களைக் கதைக்கச் சொல்லேல்லை. வந்து படுங்கோ, எழும்புங்கோ, சாப்பிடுங்கோ, போங்கோ. எனக்கு அறுபது வயசு அண்ணை. இனி எப்ப?”

அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் இருவரும் விழுந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பில்லுண்ட் விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். கொடுமை என்னவென்றால் இரண்டு விமானங்களும் முன்பின்னாக வந்து இறங்கின. அண்ணை பெரிய உருவம், கையில் மேப்பிள் இலை போட்ட பை. தம்பி மெலிந்தவர், தலை முழுக்க நரை, தம்பி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணை முன்சீட்டில் ஏறினார். தம்பி பின்னால். நான் நடுவில் மாட்டிய தபால்காரி.

“தங்கச்சி, பின்னுக்கு இருக்கிறவரிட்டைச் சொல்லுங்கோ, யன்னலைச் சாத்தச் சொல்லி. காது அடைக்குது.”

நான் கண்ணாடியில் பார்த்தேன். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் வாயே திறக்காமல் சன்னலை ஏற்றினார். கொஞ்சநேரம் கழித்து, “முன்னுக்கு இருக்கிறவருக்குச் சாப்பாடு குடுத்தவையோ பிளேனில எண்டு கேளுங்கோ தங்கச்சி. சுகர் இருக்கு அவருக்கு” என்றார் தம்பி. நான் கேட்பதற்குள், “சாப்பிட்டாச்செண்டு சொல்லுங்கோ” என்றார் அண்ணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் கழுதை வயசு ஆகிறது! காரை ஓரங்கட்டி நிறுத்தி இருவரையும் இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். அக்கா முகத்தை நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அக்காவும் அண்ணனும் முதல்நாளே வந்து நாட்டுக்கோழிக் குழம்பு, மரக்கறி, புட்டு என்று வீட்டை மணக்க வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அண்ணை ஒரு கோடியில், தம்பி மறு கோடியில். அக்காவின் வீட்டுக்காரரான அண்ணன் நடுவில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சாப்பிட்டதும் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா குசினியில் நின்று, பாத்திரத்தைத் துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னக்கா, ஒரே கூரைதானே கேட்டீங்க. நடந்துருச்சே” என்று தேற்றினேன்.

“கூரை நடந்திட்டுது. உவை மரம் மாதிரியெல்லோ வந்திருக்கினம்” என்றார். “வந்த நேரம் பிழைச்சுப்போச்சுது. நாளைக்கு விடிய அஞ்சரைக்கு நல்ல நேரம். பால் காய்ச்சப் போறன்.”

“வாடகை வீட்டுக்கா? ஒரு வாரத்துக்கா?”

“குடிபுகுற வீட்டில பால் பொங்கோணும். ஒரு கிழமை எண்டாலும் குடிதான்.”

நான் வாதாடவில்லை. அவரோடு வாதாடி ஜெயித்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. மின்சார அடுப்பில் ஒரு சட்டி பால் பொங்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

காலையில் என்னை எழுப்பியது எச்சரிக்கை மணி. காதைப் பிய்க்கிற சத்தம். கதவைத் திறந்தால் நடை முழுக்கப் புகை. இருமிக்கொண்டே குசினிப் பக்கம் ஓடினேன். அக்கா பட்டுச்சேலை கட்டி, பொட்டு வைத்து, அந்தப் பழைய இரும்பு அடுப்புக்கு முன்னால் ஒரு தட்டால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே விறகு எரிகிறது. புகை மேலே போகாமல் அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வருகிறது. காகம் கூடு கட்டாமலிருக்கப் புகைக்கூண்டை எப்போதோ மேலே மூடிவிட்டிருந்தார்கள். மூட்டக்கூடாது என்று எழுதி அடுப்பிலேயே ஒரு சின்னப் பலகையும் தொங்கியது. இப்போது அந்தப் பலகை பத்திரமாகச் சன்னலோரத்தில் இருந்தது.

“அக்கா! அதுல எழுதியிருக்கே!”

“உது தீ மூட்டத் தெரியாத ஆக்களுக்கு எழுதினது” என்று இருமினார் அக்கா. “கரண்ட் அடுப்பில பால் சூடாகும் பிள்ளை, பொங்காது. கொஞ்சம் பொறு, இந்தா வருது...”

நல்லவேளை, அண்ணன் வந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக, “காணும் வெளிக்கிடு!” என்று அக்காவை அதட்டினார். ஆளுக்கொரு கையாக அவரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தோம். பால்சட்டியை மட்டும் அவர் விடவில்லை.

வெளியே புல்லெல்லாம் பனி. அங்கே கோடையில் நாலரைக்கே சூரியன் வந்துவிடும், ஆனாலும் குளிர் எலும்பைக் கடித்தது. வீட்டுக்காரப் பெண்மணி இரவு உடையோடு சாலையைத் தாண்டி ஓடி வந்தார். அவர் கூப்பிட்டிருந்த தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. ஊரில் வேறு வேலை பார்க்கும் ஆட்கள்தான், அழைத்தால் உடுப்பு மாட்டிக்கொண்டு வருவார்கள். அதிலிருந்து முதலில் குதித்தவர் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “எல்லோரும் வெளியே வந்துவிட்டீர்களா?”

அண்ணை லுங்கியோடு, மேலே சட்டை இல்லாமல், வெறுங்காலோடு நின்றிருந்தார். அந்த ஆளின் டேனிஷ் அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அக்கா, அண்ணன், நான். சுற்றிலும் பார்த்தார். தம்பி இல்லை.

“தம்பி எங்க?” என்றார். “டேய்! தம்பி!”

அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பும், முழங்கால் நோவும், சுகரும், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்த மனிதர் வீட்டுக்குள் ஓடினார். தீயணைப்புக்காரர் பிடிக்கப் போனார், கையில் அகப்படவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. “தம்பி! எங்கயடா இருக்கிறாய்? டேய், கதவைத் திறவடா!” கதவை இடிக்கும் சத்தம். ஏதோ கண்ணாடி உடையும் சத்தம். அக்கா பால்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஐயோ முருகா, என்ர விசர் வேலையாலதானே” என்று கதறினார். தன் ஆசையாலேயே இந்த மனுஷி கூடப்பிறந்த அண்ணையை இழந்துவிடப் போகிறாரே என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுக்குப் பின்பக்கம், ஏரிப் பக்கமிருந்து, ஒருவர் ஓடி வந்தார். தம்பி! தூக்கம் வராமல் விடியற்காலையிலேயே எழுந்து நடக்கப் போயிருக்கிறார். மணிச்சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார். “என்னக்கா? என்ன நடந்தது? அண்ணை எங்க?”

அதற்குள் தீயணைப்புக்காரர்கள் இருவர் அண்ணையைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். முகம் கறுத்து, இருமி இருமிக் கண் சிவந்து, ஒரு காலிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தினார். எதிரே தம்பி, முழுசாக, கழுத்தில் மப்ளரோடு.

“எங்கயடா போனனீ?” அந்தக் குரல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். “மூதேசி! சொல்லிப்போட்டுப் போகத் தெரியாதே? விடியக்காலமை ஊர் சுத்த வெளிக்கிட்டவர் பெரிய துரை! நான் உள்ளுக்க ஒவ்வொரு கதவா... ஒவ்வொரு கதவா...” இருமல் வந்து பேச்சை விழுங்கியது.

தம்பி மப்ளரைக் கழற்றி அண்ணையின் வெற்று மார்பில் சுற்றினார். அவரைப் படிக்கட்டில் உட்கார வைத்து, தானும் ஈரப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தார். இரத்தம் வந்த காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, குனிந்து, உள்ளங்காலில் கண்ணாடித் துண்டைத் தேட ஆரம்பித்தார்.

“மெல்லடா. நோகுது.”

“அசையாதேங்கோ அண்ணை.”

“அண்டைக்கு நான் சொன்ன அந்தக் கதை...”

“விடுங்கோ.”

“விடேலாது. நான் சொல்லியிருக்கக்கூடாது. உனக்கு வர வழியில்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்.”

தம்பியின் தோள் குலுங்கியது. காலை மட்டும் விடவில்லை. “எனக்கு இப்பவும் கனவில வருகுதண்ணை. நான் போய்ச் சேருறன், எல்லாம் முடிஞ்சு தணிஞ்சு கிடக்குது.”

“எனக்கும்தானடா” என்றார் அண்ணை. கறுத்த கையை எடுத்து அந்த நரைத்த தலையில் வைத்தார்.

தீயணைப்புக்காரர் மருந்துப் பெட்டியோடு அவர்களைப் பார்த்து நடந்தார். காயம் ஆழமாக இருந்தது, கட்டுப் போட வேண்டும். நானும் உதவிக்குக் கிளம்பினேன். அக்கா பால்சட்டியைப் புல்லில் வைத்துவிட்டு வந்து, ஒரு கையால் என்னைப் பிடித்தார், மறு கையால் அந்த ஆறடி மனிதரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவரிடம் டேனிஷில், “கொஞ்சம் பொறுங்கள்” என்றார்.

“அவருக்கு இரத்தம் வருகிறதே” என்றார் அவர், குழம்பிப்போய்.

“வரட்டும்” என்றார் அக்கா. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. “கதைக்கினம்.”

தமிழில்தான் சொன்னார். அந்த டேனிஷ்காரர் படிக்கட்டைப் பார்த்தார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.